திக்காமல் வாசித்த கடிதம்

சேரன்மகாதேவி
30 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை ஸ்வீட்லின் எழுதுவது. தோத்திரம். நானும் டார்லினும் இங்கே சுகமாக இருக்கிறோம். மஸ்கட் வெயிலில் நீங்களும் மைனியும் குட்டி ஹெப்ரானும் வாடாமல் இருக்கக் கர்த்தர் காக்கட்டும். கையில் போன் இருக்கும்போது இவளுக்கு என்ன கடிதாசி என்று நீங்கள் சிரிப்பது எனக்கு இங்கே கேட்கிறது. சிரித்து முடித்துவிட்டு வாசியுங்கள்.

உங்கள் மகள் டார்லின் மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். இந்த வருடம் என் வகுப்பு. வீட்டில் நான் அத்தை, பள்ளிக்கூடத்தில் டீச்சர். கேட்டுக்குள் நுழைந்ததும் அவளாகவே மாற்றிக்கொள்கிறாள். முதல் வாரம் போன வருடத் தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து நரிக் கதையை வாசிக்கச் சொன்னேன். கடகடவென்று வாசித்தாள். எனக்குச் சந்தேகம் வந்து, பக்கத்தின் மேல் என் கையை வைத்து மறைத்தேன். அவள் நிறுத்தவே இல்லை. என் கையைப் பார்த்தே கதை முழுவதையும் வாசித்து முடித்துவிட்டாள். போன வருடம் வகுப்பு மொத்தமும் சேர்ந்து கத்தியதைக் கேட்டே மனப்பாடம் செய்திருக்கிறாள்.

தெரியாத பக்கத்தைக் கொடுத்தால் எழுத்துக் கூட்டித் தடவுகிறாள். வரியின் கடைசிக்கு வருவதற்குள் அதன் தொடக்கம் மறந்துபோகிறது. இரவு குடும்ப ஜெபத்தில் ஆளுக்கொரு வசனம் வாசிக்கிறோமே, அதில் அவள் முறை வரும்போது பக்கத்து வீட்டு இன்பமணி அக்கா காதில் ஓதுவதும் இவள் திருப்பிச் சொல்வதுமாக ஒப்பேறுகிறது.

எங்களுக்குப் பயிற்சியில் ஒரு வழி சொன்னார்கள். பிள்ளைக்குப் பிரியமான, அதுவரை கேட்டிராத ஒரு சின்னப் பகுதியைக் கொடுத்து, திக்காமல் வரும்வரை திரும்பத் திரும்பச் சத்தமாக வாசிக்க வைக்க வேண்டும். அவளுக்குப் பிரியமானது எது என்று யோசித்தேன். அப்பாவின் கடிதத்தைவிட வேறு என்ன இருக்கப்போகிறது?

ஆகவே நீங்கள் அவளுக்கு எழுத வேண்டும். கையால், பெரிய எழுத்தில். நாலைந்து சொல்லுக்கு மேல் ஒரு வாக்கியம் போகக்கூடாது. 'ஆனால்', 'இருந்தாலும்', 'ஏனென்றால்' என்று இழுக்கக்கூடாது. அங்கேதான் அவள் மூச்சுமுட்டி நிற்கிறாள். ஒன்றைச் சொல்லுங்கள், முற்றுப்புள்ளி வையுங்கள். பள்ளிக்கூடத்தில் நீங்கள் கட்டுரை எழுதிய லட்சணம் எனக்குத் தெரியும். அதனால்தான் இத்தனை கண்டிப்பு.

தம்பி மைனி வயிற்றில் இருந்தபோது ஒரு வருடத்துக்கு என்று அவளை என்னிடம் விட்டுப்போனீர்கள். அது நீண்டு இரண்டாம் வருடம் நடக்கிறது. வருகிற மே மாதம் கூட்டிப்போக வரும்போது, வாசிக்கத் தெரிந்த பிள்ளையாக உங்கள் கையில் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

மைனியை இரவு வேலைக்கு வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள்.

உங்கள் தங்கை,
ஸ்வீட்லின்


மஸ்கட்
2 ஆகஸ்ட் 2024

அன்புள்ள டார்லின்,

அப்பா எழுதுகிறேன். நீ சுகமா? நாங்கள் சுகம்.

இங்கே வெயில் அதிகம். ரோட்டில் நாய்கூட இல்லை. அப்பா ஏசி ரிப்பேர் செய்கிறேன். எல்லார் வீட்டிலும் குளிர். எனக்கு மட்டும் வியர்வை.

தம்பிக்குப் பல் வந்துவிட்டது. மேலே ஒன்று. கீழே ஒன்று. அவன் என் விரலைக் கடித்தான். நான் கத்தினேன். அம்மா சிரித்தாள்.

மே மாதம் வருவோம். உன்னைக் கூட்டிப்போவோம். தம்பி உன் விரலையும் கடிப்பான்.

அத்தை சொல்வதைக் கேள். ராத்திரி பால் குடி.

முத்தங்கள்.
அப்பா

ஸ்வீட்லின், போதுமா? எத்தனை மார்க்? ஒரு 'ஆனால்' கூட இல்லை, நீயே தேடிப் பார். இதை எழுதுவதற்குள் இரண்டு ஏசியைக் கழற்றி மாட்டியிருப்பேன். என்னோடு வேலை பார்க்கும் வள்ளியூர் முகம்மது இப்ராஹிம் அண்ணாச்சி லீவில் வருகிறார். அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

ஜாஸ்பர்


சேரன்மகாதேவி
8 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே யாருக்கும் ஒரு தும்மல்கூட இல்லை, கர்த்தருக்கு நன்றி. அங்கேயும் அப்படியே இருக்க ஜெபிக்கிறோம். உங்கள் கடிதத்துக்குப் பத்துக்கு எட்டு மார்க். 'வியர்வை' என்ற சொல்லில் டார்லின் கால் மணி நேரம் மாட்டிக்கொண்டாள். அதற்காக இரண்டைக் குறைத்தேன்.

முதல் நாள் தரையில் தவழ்வதுபோலத்தான் போனாள். தம்பி என்ற சொல்லையே மூன்று துண்டாக உடைத்தாள். நான் அவசரப்படுத்தவில்லை. ஜெபம் முடிந்ததும் தினமும் உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு உட்காருவோம். ஒரு தடவை வாசிப்பாள், தவறு வந்த இடத்தைச் சொல்லிக்கொடுப்பேன், மறுபடி வாசிப்பாள். வாரக் கடைசியில் 'அவன் என் விரலைக் கடித்தான்' என்ற வரிக்கு வரும்போது, அந்த வரியைத் தொடுவதற்கு முன்பே அவள் குரலில் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்து என்ன வருகிறது என்று குரலுக்குத் தெரிந்துவிட்டால் அதுதான் வாசிப்பு. பன்னிரண்டு வருட டீச்சர் நான், அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இதை வகுப்பிலும் தொடங்கிவிட்டேன். வீட்டில் கிடக்கும் எந்தக் காகிதத்தையும் கொண்டுவரலாம் என்று சொல்லியிருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை வருகிறது, மசாலா பாக்கெட் வருகிறது. இசக்கியம்மா என்று ஒரு பிள்ளை, வாயே திறக்காதவள், அவர்கள் கோவில் கொடைத் திருவிழா நோட்டீசைக் கொண்டுவந்து மைக்செட்டில் பேசுகிறவர் குரலிலேயே வாசித்தாள். ஹெட்மாஸ்டர் இஸ்ரவேல் சார் வகுப்புக்குள் எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், அம்மன் கொடைய நம்ம பள்ளிக்கூடத்துலயே வச்சிட்டியளா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

'மே மாதம் வருவோம்' என்ற வரியை டார்லின் தலை பின்னும்போதும் சொல்கிறாள், சோறு அள்ளும்போதும் சொல்கிறாள். அதற்குத் தாள் தேவைப்படவில்லை. மே மாதம் நிச்சயம்தானே, அண்ணன்? அங்கே பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்காவிட்டால் அவசரப்பட வேண்டாம் என்பதற்காகக் கேட்கிறேன். இங்கே எனக்கு ஒரு சிரமமும் இல்லை.

மைனிக்கும் ஹெப்ரானின் இரண்டு பல்லுக்கும் என் அன்பு.

ஸ்வீட்லின்


சேரன்மகாதேவி
5 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கும் மைனிக்கும்,

புது வருட வாழ்த்துகள். பழைய வருடத்தை நோய்நொடி இல்லாமல் கடத்திவிட்ட தேவனுக்குத் தோத்திரம். தம்பி நடக்கத் தொடங்கிய கடிதமும், நீங்கள் கிறிஸ்துமஸ் கேக்கைத் தீயவிட்ட கடிதமும் வந்து சேர்ந்தன. கேக் கடிதத்தை டார்லின் இரண்டே நாளில் தண்ணீர் பட்ட பாடாக்கிவிட்டாள். இப்போது அவளுக்கு எழுத்து தெரிவதில்லை, சொல் தெரிகிறது. நீங்கள் வந்து கேட்க வேண்டும்.

வருடப் பிறப்பு ஆராதனை முடிந்து, வருடம் முழுவதற்கும் ஆளுக்கொரு வசனமாக வாக்குத்தத்த அட்டை எடுத்தோம். நம் சின்ன வயதில் தட்டில் கிடக்கும் அட்டைகளுக்குள் நீங்கள் கையை விட்டுத் துழாவி, நீளமான வசனமாகத் தேடுவீர்களே, அதே தட்டுதான். டார்லின் கண்ணை மூடி ஒன்று எடுத்தாள். சின்ன வசனம்தான். நம் சபைக் கோவில் வாசலிலேயே நின்று, யார் துணையும் இல்லாமல் வாசித்துவிட்டாள். இன்பமணி அக்கா அவளைத் தூக்கிக்கொண்டு அழுதாள்.

அட்டையைக் கண்ணாடி ஓரத்தில் சொருகி வைத்திருக்கிறோம். "காலையில எந்திச்சதும் சத்தமா வாசிக்கணும், விசுவாசத்தோட வாயத் திறந்து வாசிச்சா அது அப்படியே நடக்கும்" என்று சொல்லியிருக்கிறேன். நம் அம்மா நமக்குச் சொன்னதுதான். அவள் பல் விளக்கிவிட்டு வந்து, அட்டையின் முன்னால் நேராக நின்று, தெரு முனைக்குக் கேட்கிற மாதிரி வாசிக்கிறாள்.

இன்னொரு சந்தோஷம். ஏப்ரல் மாதம் எங்கள் சபையில் பிள்ளைகள் ஞாயிறு. அன்றைக்குப் பெரியவர்கள் யாரும் மேடை ஏறுவதில்லை, வேதபாடம் வாசிப்பதும் பிள்ளைகள்தான். ஆராதனை நடத்தும் சபை ஐயர் டார்லினைக் கேட்டிருக்கிறார். மூன்றாம் வகுப்புப் பிள்ளையை இதற்கு முன் கேட்டதில்லை. எனக்குத் தலை கனத்துவிட்டது என்று அக்கா சொல்கிறாள். கனக்கட்டும்.

உங்கள் மூவரின் சுகத்துக்காகத் தினமும் ஜெபிக்கும்,
ஸ்வீட்லின்


மஸ்கட்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள டார்லின்,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் சுகம். நீயும் சுகமாக இரு.

இந்த மே மாதம் நாங்கள் வரவில்லை. உன்னைக் கூட்டிப்போகவில்லை. இங்கே வீடு சிறியது. தம்பி சின்னவன். அம்மாவுக்கு இரவில் வேலை. உன்னைப் பார்க்க ஆள் இல்லை.

நீ அத்தையிடமே இரு. அத்தை நல்லவள். அத்தைக்கு உன்மேல் பிரியம்.

அழாதே. நன்றாக வாசி.

அப்பா


சேரன்மகாதேவி
16 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகத்துக்குச் சுகம். ஊரில் வெயில் ஆரம்பித்துவிட்டது, ஆற்றில் தண்ணீர் குறைந்திருக்கிறது.

கடிதம் கிடைத்தது. டார்லின் வாசித்தாள். மிக நன்றாக வாசித்தாள். அன்றைக்கே, ஒரே இருப்பில், கடைசித் தடவை வாசித்தபோது ஓர் இடத்தில்கூடத் திக்கவில்லை. இத்தனை சீக்கிரம் எந்தக் கடிதமும் அவளுக்குச் சரளமாக வந்ததில்லை. வாக்கியங்கள் நான் சொன்னபடியே இருந்தன.

நீங்கள் எடுத்த முடிவு சரிதான். பிள்ளைக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. புதுச் சீருடைக்குத் துணி எடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை போனில் அவள் பேசவில்லை என்று மைனி வருத்தப்பட வேண்டாம். பரீட்சை நேரம்.

ஸ்வீட்லின்


மஸ்கட்
10 ஏப்ரல் 2025

அன்புள்ள ஸ்வீட்லினுக்கு,

அண்ணன் எழுதுவது. உடம்புக்கு நாங்கள் மூவரும் நன்றாகத்தான் இருக்கிறோம். இதை வீட்டு விலாசத்துக்கு அனுப்பாமல் உன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறேன். இது அவள் வாசிக்க வேண்டிய கடிதம் இல்லை.

பரீட்சை என்று எழுதியிருக்கிறாய். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அப்பாவிடம் ஒரு வார்த்தை பேச முடியாத அளவுக்கு என்ன பரீட்சை? போனில் முகத்தைக் காட்டச் சொன்னால் காட்டுகிறாள். கேட்டதற்கு 'ம்' என்கிறாள். "என்ன வாசிச்ச, அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டு" என்றால் எழுந்து போய்விடுகிறாள். அவள் அழுதாளா, அதைச் சொல்.

எனக்கு மே மாதம் வரமுடியாததைப் போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதினேன். கம்பெனி கொடுத்திருந்த வீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டது. இப்போது இன்னொரு குடும்பத்தோடு ஒரே வீட்டில், ஓர் அறைக்குள் நாங்கள் மூவரும் இருக்கிறோம். முதலில் அவளுக்கு நீளமாக, இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். இந்த வருடம் முடியவில்லை, ஆனால் உன்னை நினைக்காமல் நாங்கள் ஒருவேளைகூடச் சாப்பிடுவதில்லை, உன் உடுப்புக்கு என்று அம்மா பெட்டியில் இடம் விட்டே வைத்திருக்கிறாள், வேறு வீடு பார்த்துக்கொண்டே இருக்கிறோம் என்றெல்லாம் எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தால் எல்லா வரியிலும் ஆனாலும் இருந்தாலும்தான். உன் கண்டிப்பு ஞாபகம் வந்தது. கிழித்துப் போட்டுவிட்டு, நீ சொன்ன மாதிரி சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினேன். தபாலில் போட்ட பிறகுதான், எழுதியது எனக்கே உறைத்தது. மகளுக்கு எழுதிய மாதிரி இல்லை, ஆபீசில் ஒட்டுகிற நோட்டீஸ் மாதிரி இருந்தது.

உன்மேல் குற்றம் சொல்லவில்லை. பேனா என் கையில்தான் இருந்தது. எனக்குப் பதில் மட்டும் எழுது.

ஜாஸ்பர்


மஸ்கட்
15 ஜூன் 2025

ஸ்வீட்லினுக்கு உன் மைனி ஜெபகனி எழுதுவது.

நீ சுகம் என்றே நம்புகிறேன். உன் அண்ணன் எழுதி இரண்டு மாதம் கழிந்துவிட்டது. மே மாதமும் வந்து போய்விட்டது. போனில் நீ மழை பெய்ததைச் சொல்கிறாய், பள்ளிக்கூடம் திறந்ததைச் சொல்கிறாய். பிள்ளைகள் ஞாயிறு எப்படி நடந்தது என்று நான் கேட்டபோது, அடுப்பில் பால் பொங்குகிறது என்று வைத்துவிட்டாய். இப்ராஹிம் அண்ணாச்சி தன் மகள் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பியிருக்கிறார். போகிற வழியில் உங்களைப் பார்க்க வந்தாராமே. "பிள்ள நல்லா இருக்கு தங்கச்சி, ஆனா சத்தமே இல்ல" என்றார். என் மகள் சத்தமே இல்லாத பிள்ளை அல்ல.

மார்ச் மாதம் நீ எழுதிய கடிதத்தை நான் பலமுறை வாசித்துவிட்டேன். கடைசித் தடவை வாசித்தபோது திக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் எத்தனை தடவை அதை வாசிக்க வைத்தாய்? அவள் முதல் தடவை வாசித்தபோதே அந்தத் தாளை நான் வாங்கி மடித்திருப்பேன். நீ ஏன் வாங்கவில்லை?

கேட்கக் கூடாதுதான், கேட்டுவிடுகிறேன். அந்தக் கடிதம் உனக்குப் பிடித்திருந்ததா, ஸ்வீட்லின்?

என் பிள்ளையை நீ பார்த்துக்கொள்வதற்கு நன்றி சொல்லாமல் நான் எந்த நாளும் தூங்கியதில்லை. அந்த நன்றியோடுதான் இதையும் கேட்கிறேன்.

ஜெபகனி


சேரன்மகாதேவி
6 ஜூலை 2025

அன்புள்ள அண்ணனுக்கும் மைனிக்கும்,

தோத்திரம். டார்லின் உடம்புக்குச் சுகம். நல்லபடியாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அன்றைக்கு ஜெபம் முடிந்து வழக்கம்போல் உட்கார்ந்தோம். டார்லின் கவரைப் பிரித்து வாசித்தாள். 'கூட்டிப்போகவில்லை' என்ற சொல்லில் நின்றாள். நான், "கூட்டி, போக, இல்லன்னு பிரிக்காத, சேத்து வாசி" என்றேன். சேர்த்து வாசித்தாள். முடித்ததும், "இன்னொருக்க" என்றேன். குரல் இறங்கியது. "சத்தமா" என்றேன். இன்பமணி அக்கா, "போதும்ளா, பிள்ளைய விடு" என்று என் கையைப் பிடித்தாள். "நீங்க சும்மா இருங்கக்கா, இப்பதான் ஓட்டம் வருது" என்று நான் கையை உதறினேன். அடுத்த தடவை அவள் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, மூச்சுவிட வேண்டிய இடத்தில் விட்டு, ஒரு பிசகில்லாமல் வாசித்தாள். நான் வெரி குட் சொன்னேன். அந்தக் கடிதத்துக்கு வெரி குட் சொன்ன வாய் இது.

டார்லின் தாளை மடித்து என்னிடம் கொடுத்தாள். "வாசிச்சது போதுமா டீச்சர்?" என்று கேட்டாள். அன்றிலிருந்து வீட்டிலும் நான் டீச்சர்தான்.

அதன் பிறகு அவள் சத்தமாக வாசிக்கவில்லை. கண்ணாடியில் இருந்த அட்டையைக் காணோம், கேட்டால் தெரியாது என்கிறாள். வகுப்பில் புத்தகத்தைத் திறந்து கண்ணை ஓட்டிவிட்டு உட்கார்ந்துவிடுகிறாள். கேள்வி கேட்டால் எல்லாவற்றுக்கும் சரியான பதில். அவளுக்கு வாசிப்பு போகவில்லை, வாயைத்தான் மூடிக்கொண்டாள். பிள்ளைகள் ஞாயிறன்று அனுப்ப வேண்டாம் என்று அக்கா சொன்னாள். நான் அனுப்பினேன். சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, டார்லின் மேடையில் நின்று, அந்தப் பாடம் முழுவதையும் மேலிருந்து கீழே கண்ணால் வாசித்தாள். ஒரு வரியையும் விடவில்லை, எனக்குத் தெரிந்தது. முடித்ததும் இறங்கி வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

காரணத்தை என்னிடம் சொல்லவில்லை. மே மாதம் முடிந்த அன்றைக்கு அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். "அட்டைய சத்தமா வாசிச்சா நடக்கும்னு டீச்சர் சொன்னாவ. அப்பா லெட்டரையும் சத்தமா வாசிச்சிட்டேன். திக்கித் திக்கி வாசிச்சிருந்தா நடந்திருக்காது" என்று சொல்லியிருக்கிறாள். அப்படி இல்லை என்று நான் அவளைப் பிடித்துவைத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். நான் சொல்வதை அவள் எப்போதும் கேட்டுக்கொள்வாள்.

மைனி கேட்டதற்குப் பதில், ஆமாம். எனக்கு அந்தக் கடிதம் பிடித்திருந்தது. 'நீ அத்தையிடமே இரு' என்ற வரியை இன்னொரு தடவை கேட்கவேண்டும்போல் இருந்தது, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். அவளுடைய வாசிப்புக்காகத்தான் என்று அந்த நேரத்தில் சத்தியமாக நம்பினேன். சந்தோஷத்தில் இருந்தவளுக்கு, எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளையின் முகம் தெரியவில்லை. இதை எழுத எனக்கு இத்தனை நாள் ஆகிவிட்டது. அவள் எட்டு வயதில் இத்தனை நாளும் அதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள்.

டார்லினைக் கூட்டிப்போங்கள். ஓர் அறையானாலும் அது அவள் அம்மா அப்பா இருக்கிற அறை. டிக்கெட் கைக்கு வரும்வரை அவளுக்கு எதுவும் எழுத வேண்டாம்.

என்னை மன்னியுங்கள்.

ஸ்வீட்லின்


சேரன்மகாதேவி
16 நவம்பர் 2025

அன்புள்ள டார்லின்,

அத்தை எழுதுகிறேன். நான் சுகம். இன்பமணி அத்தையும் சுகம். நீ சுகமா? தம்பி கடிக்கிறானா?

இங்கே நல்ல மழை. ஆற்றில் வெள்ளம். பள்ளிக்கூடத்துக்கு லீவு. இசக்கியம்மா உன்னைக் கேட்டாள்.

எனக்குத் தனியாக இருப்பது பழகிவிட்டது. ஒரு கஷ்டமும் இல்லை. அத்தையை நினைத்து ஏங்காதே. நீ அங்கேயே சந்தோஷமாக இரு.

அத்தை


மஸ்கட்
14 டிசம்பர் 2025

அன்புள்ள ஸ்வீட்லினுக்கு,

நாங்கள் நால்வரும் சுகம். நால்வர் என்று எழுதுவதற்கே எனக்கு நன்றாக இருக்கிறது. ஊர்க்கோடியில் இரண்டு அறை உள்ள வீடு கிடைத்துவிட்டது. வேலைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், பரவாயில்லை.

டார்லின் வந்த முதல் வாரம் பேசவே இல்லை. பிறகு ஒருநாள் ஜெபகனி இரவு வேலைக்குப் போயிருந்தாள், ஹெப்ரான் அம்மாவைக் கேட்டு அழுதுகொண்டிருந்தான். நான் அடுப்படியில் நின்றேன். திடீரென்று அழுகை நின்றது. எட்டிப் பார்த்தால், டார்லின் ஊரிலிருந்து கொண்டுவந்த பால்மாவு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அதில் தமிழில் இருப்பதையெல்லாம் அவனுக்கு வாசித்துக்கொண்டிருந்தாள். எத்தனை கரண்டி, எவ்வளவு வெந்நீர், ஈரம் இல்லாத இடத்தில் வைக்கவும். கதை சொல்வதுபோல் வாசித்தாள், தங்கச்சி. நீ கற்றுக்கொடுத்த மாதிரி, நிறுத்தி, மூச்சுவிட்டு. நான் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்று கேட்டேன். இப்போது கடை போர்டு, பஸ் போர்டு என்று இங்கிலீஷையும் எழுத்துக் கூட்டாமல் விடுவதில்லை.

உன் கடிதம் போன வாரம் வந்தது. வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். கண்ணால் வாசித்தாள். "சத்தமா வாசி, அம்மாவும் கேக்கட்டும்" என்றேன். தலையை ஆட்டினாள்.

"வேண்டாம்ப்பா. இத சத்தமா வாசிச்சா அத்த அங்கன தனியாவே இருந்துருவாவ."

அத்த என்றுதான் சொன்னாள். ஜெபகனி அவளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு எவ்வளவோ எடுத்துச் சொன்னாள். எல்லாம் கேட்டுக்கொண்டாள், தாளை மட்டும் கொடுக்கவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை.

ஆகவே நீ என்ன எழுதினாய் என்று எங்கள் இருவருக்கும் இன்னும் சரியாகத் தெரியாது. ஆனால் அவள் அப்படிச் சொன்னதிலிருந்து ஊகித்துக்கொண்டோம். வேறு ஒன்று எழுது, ஸ்வீட்லின். அவள் வாய்விட்டு வாசிக்கக்கூடியதாக எழுது.

ஜாஸ்பர்


சேரன்மகாதேவி
4 ஜனவரி 2026

அன்புள்ள டார்லின்,

அத்தை எழுதுகிறேன். காய்ச்சல் இல்லை. தலைவலி இல்லை. ஆனாலும் நான் சுகமாக இல்லை.

போன கடிதத்தில் பொய் எழுதிவிட்டேன். எனக்குத் தனியாக இருப்பது பழகவில்லை. ஜெபத்தில் உன் வசனத்தை யாரும் வாசிப்பதில்லை. உன் முறை வந்ததும் நானும் இன்பமணி அத்தையும் நீ உட்காரும் இடத்தைப் பார்க்கிறோம்.

அப்பா அம்மாவோடு நீ இருப்பது எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் சாயங்காலம் வந்துவிட்டால் எனக்கு உன்னைத் தேடுகிறது.

அப்பா வராமல் போனது உன் வாசிப்பால் இல்லை. நீ வாசித்தது சரி. நான் கேட்டதுதான் தப்பு.

லீவு கிடைத்தால் வா. கிடைக்காவிட்டால் அடுத்த லீவுக்கு வா.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தம்பிக்கும் கேட்கும்படி இதைச் சத்தமாக வாசி. திக்கினாலும் இது உண்மைதான்.

அத்தை